கெட்ட வாசனை உண்டா?

ஜூன் 6, வியாழன்

இன்று ருசி மேசை தொடங்கியது. முதல் நாளே எல்லோருமாகச் சேர்ந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

நடைமுறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காலை பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ், ஒரு ஃபாரம், ஒரு பென்சில். எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சென்ட் கூடாது, பூ கூடாது, வெற்றிலை கூடாது. கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. பாரைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா தலையில் ஒரு முழம் மல்லிகையோடு வந்து உட்காருகிறாள்! "பூவுக்கு நடுவுல பீர மோந்து என்ன எழுதுவ, கோயில் பிரசாதம்னா?" என்று கேட்டேன். கழற்றி வாஷ்பேசின் மேல் வைத்தாள். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

கொடுக்காப்புளி போட்ட கோதுமை பீர், நூறு லிட்டர். என் கணக்கில் பத்துக்கு ஏழு மார்க். பிலோமினாவும் ஏழு. முதலாளி அந்துவான் எப்போதும்போல் "நல்லாருக்கு மங்கை" என்று ஆறரை போட்டார். முப்பது வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்து 'கடற்காகம்' என்று இந்தச் சின்ன பீர் ஆலையைத் தொடங்கியவர் அவர். ஊரே முசே என்றுதான் கூப்பிடுகிறது. கோபமே வராது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நான்காவது ஃபாரம் பாவாடை அண்ணனுடையது. டேங்க் கழுவுவது, வால்வு திறப்பது, சூடு குறிப்பது எல்லாம் அவர்தான். ஐம்பத்து நான்கு வயது. இதற்கு முன் விழுப்புரம் பக்கம் ஒரு பால் பண்ணையில் இருபத்திரண்டு வருடம். அவர் எழுதியிருந்தது: மார்க் ஏழு. கெட்ட வாசனை உண்டா? இல்லை. வேறு குறிப்பு: நெய் வாசம்.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

"பொங்கல் மேடம்."

"நெய் ஊத்தின பொங்கலா?"

"ஊத்தாம எப்டி மேடம்..."

"நாக்குல நெய்யப் பூசிக்கிட்டு வந்து என் பீர்ல நெய் வாசம்னு எழுதுறீங்களே! போய்ப் பல்லத் தேச்சிட்டு வாங்க."

போனார். விரலில் உப்பைத் தொட்டுத் தேய்த்துவிட்டு வந்தார். மறுபடி ஒரு வாய் குடித்தார். அந்தக் குறிப்பை ரப்பரால் அழித்துவிட்டார்.

விளையாட்டில்லை இது. மூன்று சோதனை பீர், அதில் மேசை தேர்ந்தெடுப்பதைப் பெரிய டேங்கில் போட்டு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை 14 அன்று பாரில் திறக்க வேண்டும். தேறினால் பீர் காய்ச்சுகிற கெட்டில் என் கையில். தேறாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்து வடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற கிரண் நாயக் நிரந்தரமாக இங்கே வந்துவிடுவார். நான் பழையபடி லேபில் தண்ணீர் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதில் இனி ஒரு கெட்டில் எனக்கு எங்கிருந்து கிடைக்கும்?

ஜூன் 7, வெள்ளி

புது நோட்டீஸ் ஒட்டினேன். வியாழக்கிழமை காலையில் பொங்கல், நெய் தோசை, கேசரி தடை.

ஜூன் 10, திங்கள்

மோட்டார் ரிப்பேர். எலக்ட்ரீஷியன் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி நாலு மணிக்கு வந்தான். மகிழுக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டும்.

நன்னாரி பீருக்கு இன்றோடு ஐந்து நாள். குளிரூட்டச் சொன்னேன். "கிரண் சார் ஏழு நாளு வைப்பாரு மேடம், கடைசி ரெண்டு நாளு சும்மா கெடக்கட்டும்பாரு" என்றார் பாவாடை அண்ணன். சும்மா கிடக்க டேங்க் என்ன சத்திரமா? சர்க்கரை அளவு ஐந்தாம் நாளே இறங்கி நின்றுவிட்டது. மீட்டரில் எண் நின்ற பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் அனுபவமாம். எட்டு வருடம் பெரிய பீர் கம்பெனி லேபில் எண்களோடு குப்பை கொட்டியவள் நான். எனக்குத் தெரியும்.

ஜூன் 13, வியாழன்

நன்னாரி தேறவில்லை. இருமல் மருந்து. எனக்கு ஐந்து, மற்றவர்களுக்கும் ஐந்தைச் சுற்றித்தான். பிலோமினா என் ஃபாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாளோ என்று சந்தேகம். கேட்டேன். "இல்ல மேடம், உங்க மொகத்தப் பாத்தேன்" என்கிறாள்! இதற்கா சம்பளம்?

பாவாடை அண்ணன் குறிப்பு எதுவும் எழுதவில்லை. திருந்திவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

நாத்தனார் வீட்டு வளைகாப்பு. சொந்தக்காரர் ஒருவர் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "ஃபுட் கம்பெனில" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கிற கணக்கு வாத்தியார்! ஸ்கூட்டரில் வரும்போது வில்லியனூர் வரைக்கும் திட்டினேன். "எதுக்கெடுத்தாலும் கத்தினா யாரு உங்கிட்ட நெஜத்தச் சொல்லுவாங்க?" என்றார். பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். 

சாப்பாடு சுமார். கேசரியைத்தான் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள், பசு நெய்யாம். எனக்கு நெய் என்றால் விரலில் ஒட்டும் பிசுக்கு, அவ்வளவுதான். ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. சந்தோஷத்தில்.

சுட்ட தேங்காய் போட்ட கறுப்பு பீர். தேங்காயைக் கீற்றாக நறுக்கி, எண்ணெய் போக அழுத்திப் பிழிந்து, சுட்டு, கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் எடுத்துப் போட்டது. பிலோமினா ஒன்பது. முசே எட்டரை. பாவாடை அண்ணன் ஒன்பது. அந்த மனிதர் இதுவரை ஏழைத் தாண்டியதில்லை! கெட்ட வாசனை உண்டா? இல்லை, இல்லை, இல்லை. நான் எட்டு போட்டேன், சொந்தப் பிள்ளை என்பதால் ஒன்று குறைத்து.

"வெண்ணெ மாதிரி வழுவழுன்னு எறங்குது மேடம்" என்றாள் பிலோமினா. ஓட்ஸ் சேர்த்ததற்குப் பலன். முசே எழுந்து வந்து கை கொடுத்தார். "இதுதான் பதினாலுக்கு. போர்டுல உன் பேர் எழுதுறோம், மங்கையர்க்கரசின்னு முழுப் பேரு."

முழுப் பேர்! பழைய கம்பெனியில் எட்டு வருடம் ஒரு பாட்டிலில்கூட என் பெயர் வந்ததில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மகிழைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் இருக்கட்டும். பாப்கார்ன்காரனோடு பெரிய சண்டை. பட்டர் பாப்கார்ன் என்று கேட்டு வாங்கினால் வெறும் உப்புச் சோளப் பொரியைக் கொடுத்துவிட்டான். ஒரு பிடி வாயில் போட்டேன், ஒன்றுமே இல்லை. திரும்பிப் போய், "பட்டர்னா பட்டர் போடணும், ஏமாத்துற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்றேன். அவன் இயந்திரத்தைக் காட்டுகிறான், டப்பாவைக் காட்டுகிறான். வரிசையில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். மகிழ் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "அம்மா, வாசனை நல்லா வருதும்மா, வாம்மா" என்றது. பதின்மூன்று வயதுக்கு மானம் போகிறதாம். கடைசியில் மேனேஜர் வந்து வேறு ஒன்று கொடுத்தார். அதுவும் அதே லட்சணம்தான். இவர்களோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

பெரிய டேங்க். ஐந்நூறு லிட்டர். காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டி மாலை ஐந்து வரை நின்றேன். கால் வீங்கிவிட்டது. தேங்காய் மட்டும் நூற்றிருபது. பாவாடை அண்ணன்தான் அத்தனையும் உடைத்தார்.

ஜூன் 29, சனி

ஐந்தாம் நாள். எண் நின்றுவிட்டது. குளிரூட்டச் சொன்னேன். பாவாடை அண்ணன் டேங்க் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன, வேலை இல்லையா என்று கேட்டேன். போய்விட்டார்.

ஜூலை 4, வியாழன்

கிரண் நாயக் வந்தார். முசேதான் கூப்பிட்டிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிப் பார்வைக்காம்.

டேங்கிலிருந்து பிடித்துக் கொடுத்தேன். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மூக்கருகே வைத்தார், மேசையில் வைத்துவிட்டார்.

"பட்டர் ஜாஸ்தி இருக்கு மேடம். சினிமா தியேட்டர் மாதிரி."

கெட்டிலைப் பிடுங்க வந்தவன் பிறகு என்ன சொல்வான்? ஓட்ஸ், தேங்காய் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு இரண்டு கிளாஸில் பீர் ஊற்றி மூடி, ஒன்றை இருபது நிமிடம் வெந்நீரில் வைத்து, ஆறவிட்டு, எல்லோரையும் மோந்து பார்க்கச் சொன்னார். சூடு காட்டியதில் அது இன்னும் தூக்கலாகத் தெரியுமாம். பிலோமினா முதல் கிளாஸை மோந்தாள், இரண்டாவதை மோந்ததும் "ஐயோ" என்றாள். முசே கண்ணை மூடிக்கொண்டார். என் முறை வந்தது. இரண்டையும் மோந்தேன். தேங்காய், கருகல், காபி.

"தெரியுதா?" என்றார் கிரண்.

"தெரியுது, லேசா" என்றேன்.

ஈஸ்ட் வேலை செய்யும்போது இந்த வெண்ணெய் உண்டாகுமாம். சூடு குறையாமல் இன்னும் இரண்டு நாள் விட்டால் ஈஸ்டே அதைத் தின்றுவிடுமாம். சீக்கிரம் குளிரவைத்தால் அப்படியே தங்கிவிடும். கிரண் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை வேறு.

"டேங்க் சூட்ட யாரு பாக்குறது?" என்று முசே கேட்டார்.

"பாவாடை அண்ணன்" என்றேன். அது பொய் இல்லை. சூடு பார்ப்பது அவர் வேலைதான்.

"அவசரப்பட்டு எறக்கிட்டாரா?"

"இருக்கும்" என்றேன்.

பாவாடை அண்ணன் பத்தடி தள்ளி ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். என்னை ஒருமுறை பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. முசே அதே மெல்லிய குரலில், "பாவாடை, நாளைலேந்து வர வேணாம். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

நான் நீக்கச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

டேங்க் கழுவ ஆள் இல்லை, நானே கழுவினேன். இடுப்பு போயிற்று. பிலோமினா காலையில் வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல மேடம்." எல்லோருக்கும் ஒன்றுமில்லை.

வாயைத் திறந்து "மேடம்தான் எறக்கச் சொன்னாங்க" என்று சொல்ல வேண்டியதுதானே? யார் தடுத்தார்கள்? அப்படி ஊமையாக நிற்கிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 6, சனி

நேரு வீதியில் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போய் வெண்ணெய் எசன்ஸ் ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் மூடியைத் திறந்து மோந்தேன். ஒன்றும் வரவில்லை, ஸ்பிரிட் மாதிரி ஒரு காரல் மட்டும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று பில்லைத் தேடினேன். விடிந்ததும் போய்க் கடைக்காரனை ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

கூடத்திலிருந்து மகிழ் குரல் கொடுத்தது. "அம்மா, கேக் பண்றியா? ஐயோ, செம வாசனை!"

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர், ஓர் அறை.

மகிழைக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, ஒரு கிளாஸில் தண்ணீர், ஒரு கிளாஸில் தண்ணீரோடு இரண்டு சொட்டு. பத்து முறை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பத்து முறையும் சரியாகச் சொன்னது. பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன், மகிழ் கொடுத்தது. பத்தில் நான்கு. அந்த நான்கும் குருட்டாம்போக்கு.

"உனக்கு இது வராதாம்மா?" என்று கேட்டது.

போய்ப் படி என்று கத்தினேன்.

ஜூலை 7, ஞாயிறு

கண்டமங்கலம் போனேன். பாவாடை அண்ணன் வீட்டு வாசலில் தகர ஷீட் இறக்கிய ஒரு சின்ன இடம், அங்கே நாற்காலி போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து கையில் கொடுக்காமல் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "நெய் வாசம் வருதுன்னு தெரியுதுல்ல? சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதுதான அண்ணே?"

"எழுதிக் குடுத்தன் மேடம். நீங்க பல்லு தேச்சிட்டு வரச் சொன்னீங்க."

காபியைக் குடித்தேன்.

"அப்புறம் ஏன் எழுதல?"

"அது கெட்ட வாசனைன்னு யாரு மேடம் எனக்குச் சொன்னாங்க? ஃபாரத்துல கெட்ட வாசனை உண்டான்னு கேட்டிருக்கு. நெய் வாசம் எப்டி மேடம் கெட்ட வாசனை ஆவும்? பால் பண்ணைல அந்த வாசம் வந்தாத்தான் டின்னுக்குச் சீல் வைப்பாங்க. எனக்கு அதுதான வேல, இருவத்திரண்டு வருசம்."

"அப்ப அந்த ஒம்பது மார்க்கு?"

"அதுக்குத்தான் போட்டன். பீரு எனக்கு எப்பவும் கசப்புதான் மேடம். அன்னிக்கு நம்ம ஊரு இனிப்பு மாரி மணமா இருந்துது."

பிலோமினாவின் ஒன்பதும் முசேயின் எட்டரையும் எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. பெங்களூர்க்காரன் முகம் சுளிக்கிற அதே வாசனைக்கு எங்கள் மேசை மார்க்கை அள்ளிக் கொடுத்திருக்கிறது. மேசையில் அதை முகர முடியாத ஒரே ஆள் நான். அதைத் தவறென்று கண்டுபிடிக்க வேண்டிய ஒரே ஆளும் நான்தான்.

"சீக்கிரம் எறக்கச் சொன்னது நான்னு ஏன் முசேகிட்ட சொல்லல?"

"அத நீங்கதான மேடம் சொல்லணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஜூலை 8, திங்கள்

முசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறக்கச் சொன்னது நான். அந்த வாசனை எனக்குத் தெரியாது, ஒரு சொட்டுகூட. தெரிகிறது என்று சொன்னது பொய். பாவாடை அண்ணன்மேல் பழியைப் போட்டதும் நான்.

முசே பேனாவை மூடி வைத்தார். "அன்னைக்கே சொல்லிருக்கலாமே மங்கை" என்றார். பிறகு கிரணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கிரண் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நெறைய பேருக்கு இப்டி ஒரு வாசனை வராது மேடம். எனக்கு கிராம்பு வராது. அதுக்கு இன்னொருத்தரை பக்கத்துல வெச்சிப்பேன். நீங்க வேலைக்குச் சேந்தப்போ டெஸ்ட் பண்ணிருப்பாங்களே?"

"பண்ணல" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அந்தக் கம்பெனில ருசி பாக்குற ரூமுக்குள்ள பொம்பளைங்கள விட மாட்டாங்க. எட்டு வருஷம் கண்ணாடிக்கு வெளிய நின்னு ஆம்பளைங்க மோந்து எழுதின பேப்பர வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். என் மூக்கு எப்டின்னு ஒருத்தன் கேட்டதில்ல!" கத்தியேவிட்டேன். பாரிலிருந்து பிலோமினா எட்டிப் பார்த்தாள். அந்த ஆள்களை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

ஒரு வழி இருக்கிறதாம். டேங்கை மறுபடி சூடேற்றி, புது ஈஸ்ட் விட்டு, வெண்ணெயைத் தின்னவிடுவது. பதின்மூன்றுக்குள் போனாலும் போகும், போகாமலும் இருக்கும். போயிற்றா என்று தினமும் மோந்து சொல்ல ஆள் வேண்டும். கிரண் பதினாலு காலையில்தான் வர முடியும். பிலோமினாவுக்கும் முசேக்கும் தேங்காய் வாசனையில் அது லேசானால் பிடிபடாது. பாவாடை அண்ணன் மட்டும்தான்.

முசே முடிவாகச் சொன்னார். "பதிமூணாம் தேதி பாவாடை இல்லைன்னு எழுதினா உன் பீர், உன் பேர், உன் கெட்டில். உண்டுன்னு எழுதினா கெட்டிலைக் கிரண் எடுத்துக்கட்டும். நீ லேபுக்குப் போ."

ஜூலை 9, செவ்வாய்

பாவாடை அண்ணன் வந்தார். முசே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். சரி மேடம், சரி மேடம் என்றார்.

பிறகு என்னைப் பார்க்காமல் முசேயைப் பார்த்துச் சொன்னார். "வர்றன் முசே. ஒண்ணே ஒண்ணு. நான் மோந்து எழுதற வரைக்கும் மேடம் அந்த ரூம்ல இருக்க வேணாம். அவங்க மொகத்தப் பாத்தா எனக்கு மூக்கு வேல செய்யல."

தலைக்கு ஏறிவிட்டது. என் மேசை! ஃபாரம் நான் அடித்தது, விதி நான் எழுதியது, கிளாஸ்கூட நான் தேடித் தேடி வாங்கியது. என்னை வெளியே நிற்கச் சொல்கிறார்! நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். பிலோமினா கவுன்டரைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றாள். பாவாடை அண்ணனின் கை ஹோஸ் பைப்பை இறுகப் பிடித்திருந்தது. நான் கத்தப்போகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்கூட்டியே தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். எத்தனை நாளாக இப்படி நிற்கிறார்கள்?

"சரி" என்றேன்.

அந்தக் கம்பெனியில் பெண் என்று வெளியே நிறுத்தினார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே இருபது வருடம் ஓட்டலாம். இங்கே அந்தச் சாக்கும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

பதினொரு மணிக்குக் கொல்லைப்புறம் போய்க் காலி சிலிண்டர்களை எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். உள்ளே எப்போதும் இருக்கும் அமைதி இல்லை, என்னவோ பேச்சு. எழுதி முடித்த பிறகுதான் பேசியிருப்பார்கள். பிலோமினா எதையோ சொல்ல, பாவாடை அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

முடிவு: உண்டு. ஆனால் குறைந்திருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

போர்டில் என் பெயரைச் சாக்பீஸால் எழுதியாயிற்று. தேங்காய் ஓவியம்கூட இருக்கிறது. மகிழுக்குப் பரீட்சை. வீட்டுக்காரருக்குச் சளி.

மாலையில் பாவாடை அண்ணன் டேங்கின் சூட்டைக் குறித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார். ஒருகணம் தயங்கினார். "நாளைக்கு நான் எழுதறதுலதான் உங்க வேல இருக்குன்னு பிலோமினா சொல்லுது. நெஜமா மேடம்?"

அவருக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் நாளைக்கு இல்லை என்றுதான் எழுதுவார். நெய் வாசத்துக்கு ஊரே ஒன்பது போடுகிறது, ஜூலை 14 அன்று வருகிற கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? கிரண் வந்து மோந்தால் மோந்துகொள்ளட்டும், அதற்குள் எல்லாம் பீப்பாயில் ஏறியிருக்கும். ஒரு நொடியில் இவ்வளவும் மனதில் ஓடியது. எனக்கு அந்தக் கெட்டில் வேண்டும். அவ்வளவு வேண்டும்.

"அது உங்க வேல இல்லண்ணே. மூக்குக்கு என்ன வருதோ அத எழுதுங்க" என்றேன். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

ஜூலை 13, சனி

கொல்லைப்புறம் போகவில்லை. ஆலைக்கு முன்னால் தெருவில் நின்றேன். பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. முசேயோ பிலோமினாவோ கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். பாவாடை அண்ணனே ஃபாரத்தோடு வந்தார். நீட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

மார்க்: ஆறு. கெட்ட வாசனை உண்டா? உண்டு. வேறு குறிப்பு: வெண்ணெய், கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது.

பென்சில் அழுந்திய இடத்தில் தாள் கிழிந்திருந்தது. ரப்பர் தொட்ட அடையாளம் எங்கேயும் இல்லை.

உள்ளே போய்க் கெட்டில் அறைச் சாவிக் கொத்தை முசேயின் மேசையில் வைத்தேன். போர்டில் இருந்த பெயரைப் பிலோமினா துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே. ஏன் அழுகிறாய் என்று அவள்மேல் எரிந்து விழப் பார்த்தேன், விழவில்லை.

பீரைக் கொட்டுவதற்குக்கூடக் கலால் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். வால்வை நானே திறந்தேன். ஐந்நூறு லிட்டர் போக நாற்பது நிமிடம். தரை முழுக்கக் கறுப்பு நுரை. கலால் ஆள் மூக்கை உறிஞ்சி, "என்னா மணம், இத ஏன் சார் கொட்டுறீங்க?" என்று முசேயைக் கேட்டார். எனக்குத் தேங்காய் வாசனை மட்டும் வந்தது.

பாவாடை அண்ணன் எதிர்ச் சுவரோரம் நின்று துடைப்பத்தால் நுரையைச் சாக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். என் பக்கம் வரவில்லை. "அண்ணே" என்று மெல்லக் கூப்பிட்டேன். பீர் கொட்டுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஓங்கிக் கூப்பிட வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, அந்த நுரையில் இறங்கி அவர் நிற்கிற இடத்துக்கு நடந்து போனேன்.